இடது கைக்குப் போட வேண்டிய வளையம்

உடப்பு என்ற கடற்கரை ஊரில் நன்றி சொல்வதற்கென்று ஒரு போட்டி வைத்தால் சிவசுப்பிரமணியம்தான் வெல்வார். வென்றதோடு நிற்கவும் மாட்டார். பரிசு கொடுத்தவரைப் பிடித்து அவருக்கும் நன்றி சொல்லி, அந்த மனிசனை நெளிய வைத்துவிட்டுத்தான் மேடையிலிருந்து இறங்குவார். சிலாபம் பஸ்சில் இறங்கும்போது கொண்டக்டருக்கு நன்றி. காலையில் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவரும் ஓட்டோவுக்கு நன்றி, அது அவர் வீட்டில் நிற்காமல் போனாலும். ஒருமுறை தோணியில் முழங்காலை இடித்துக்கொண்டு, இதைவிடப் பலமாக இடிபடவில்லையே என்று தோணிக்கே "பெரிய உபகாரம்" சொன்னாராம். சத்தியம் பண்ணிச் சொல்கிறார்கள். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

ஊருக்கு அவர் மணியம். வயது ஐம்பத்தாறு. ஏழாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர். இடையில் இரண்டு வருடம் கட்டாருக்குப் போய் வெயிலில் கல் சுமந்துவிட்டு, ஒரு கம்பளியும் இரண்டு கைக்கடிகாரமும் கொண்டு திரும்பி வந்தார். கம்பளி உடப்பில் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கடிகாரத்தில் ஒன்றை மனைவி ராசம்மாவின் தம்பி கேதீஸ்வரனுக்குக் கொடுத்தார். மற்றதை அவரே கடலில் தொலைத்தார். அந்த இரண்டு வருடத்தைக் கழித்தால் கடைசி முப்பது வருடமும் கரைவலைதான்.

கரைவலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தோணி போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு நீளக் கயிறு கரைக்கு வரும், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று, பாட்டுச் சொல்லிப் பின்னுக்கு நடந்து நடந்து இழுப்பார்கள். கயிறுகள் ஒன்றையொன்று நெருங்கி வரும் என்பதால் எல்லோரும் வெளிப்பக்கமாகத்தான் நிற்பது. அதனால் தெற்குக் கயிற்றுக்காரனுக்கு எப்போதும் வலது கையில் பாரம். வடக்குக் கயிற்றுக்காரனுக்கு இடது கையில். மணியம் தெற்குக் கயிற்றில் தண்ணீர்ப் பக்கமிருந்து இரண்டாவது ஆள். கேதீஸ்வரன் வடக்கில் மூன்றாவது ஆள். அந்த இடங்களை யாரும் மாற்றுவதில்லை. பஸ்சில் சீட் மாறுவது போன்ற காரியமில்லை அது.

முப்பது வருடம் ஒரே கையால் இழுத்தால் அந்தக் கை என்ன செய்யும்? வலது முழங்கையில் தொடங்கிய வலி தோளுக்கு ஏறியது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் கோப்பை ஆடியது. சேர்ட்டுப் பொத்தான் போட ராசம்மா வரவேண்டியிருந்தது. அவளுக்கும் நன்றி சொன்னார், ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாக. ஐந்தாவது பொத்தானில் அவள், "இனி ரீசேட்டைப் போட்டுத் துலையுங்க" என்றாள்.

மகள் சுஜாந்தி சிலாபத்தில் ஒரு கிளினிக்கில் நம்பர் கொடுக்கும் வேலையில் இருந்தாள். அவள் தகப்பனை இழுத்துக்கொண்டுபோய் டொக்டரிடம் காட்டினாள். அவர் முழங்கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடுங்க. பிறகு இழுக்கிறதெண்டாலும் மற்றக் கையால இழுங்க. கிழமைக்கு ஒரு நாளாவது சும்மா இருங்க" என்றார். மணியம் அவருக்கு இரண்டு கையாலும் கும்பிட்டு நன்றி சொன்னார். அடுத்த நாள் விடிய தெற்குக் கயிற்றில், அதே இரண்டாவது இடத்தில், அதே கையால் இழுத்தார்.

வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "மணியம், திருவிழா முடியட்டும். அதுக்குப் பிறகும் கை சரிவராட்டி நீ மீன் தெரியிற இடத்தில இரு."

மீன் தெரியும் இடம் என்றால் பெரிய மீன், சின்ன மீன், குப்பை என்று பிரித்துப் போடும் இடம். அங்கே இருப்பவர்களுக்கு மொத்தமாக எண்ணினாலும் ஒரு வாய்க்குரிய பல் இல்லை. நல்ல மனிசர்கள்தான். ஆனால் அங்கே போனவன் திரும்பக் கயிற்றுக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. மணியம் சம்மாட்டிக்கு நன்றி சொல்லவில்லை. அன்றுதான் வலைக்காரர் தங்கும் வாடியில் எல்லோருக்கும் விஷயம் பெரிதென்று விளங்கியது.

அந்த நேரம் பார்த்து நெய்னார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நெய்னார் புத்தளத்திலிருந்து வருபவர். தொண்ணூறாம் ஆண்டு இடப்பெயர்வில் கைக்குழந்தையாக மன்னாரிலிருந்து தூக்கி வரப்பட்டவர். பின்னால் கட்டிய பெட்டியில் சீப்பு, டோர்ச், எலிமருந்து, பிள்ளைகள் காலில் மாட்டும் சப்பாத்து எல்லாம் இருக்கும். இந்த முறை புதுச் சாமான் ஒன்று இருந்தது: கறுப்பு நிறத்தில், உள்ளே சின்னச் சின்னக் காந்தம் பதித்த கை வளையம்.

"அண்ணே, இதப் போட்டா இரத்தம் நல்லா ஓடும். கை நோவு, தோள் நோவு, மூட்டு நோவு எல்லாத்துக்கும் நல்லமாம். இருவத்தொரு நாள் கழட்டப்படாது. சரிவராட்டிக் கொண்டாங்க, நான் எடுக்கிறன்."

"உன்ட முழங்கால் நோவு எப்படி, நெய்னார்?" என்று கேட்டார் மணியம்.

நெய்னார் தன் இரண்டு கையையும் நீட்டினார். இரண்டிலும் வளையம். பிறகு மோட்டார் சைக்கிளைச் சுற்றி இந்தப் பக்கம் நடந்து வந்தார், நொண்டிக்கொண்டு.

"எனக்கு இன்னம் இருவத்தொரு நாள் முடியல்ல" என்றார்.

ஒரு பை நெத்தலிக் கருவாட்டுக்கு வளையம் கை மாறியது. மணியம் நன்றி சொல்ல, நெய்னார் திருப்பி நன்றி சொல்ல, இவர் விடாமல் இன்னொன்று சொல்ல, கடைசியில் நெய்னார் மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணித்தான் தப்பினார்.

வாடியில் அடுத்த நாளே திருவிழா தொடங்கிவிட்டது, கோயில் திருவிழா அல்ல, மணியத்தின் கைக்குத் திருவிழா. சோடாப் போத்தல் மூடியை வளையத்தில் ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று கேதீஸ்வரன் கண்டுபிடித்தான். கேதீஸ்வரன் யாரென்றால், மணியத்தின் கலியாணத்தன்று மாப்பிள்ளைச் சப்பாத்துக்குள் நண்டு விட்டவன். இப்போது நாற்பத்தெட்டு வயது, ஆனால் அந்தப் புத்திக்கு ஒரு வயதும் ஏறவில்லை. மணியம் தூங்கி எழும்பினால் கையில் ஏழு மூடி. சாப்பிட்டுக் கை கழுவினால் இன்னும் இரண்டு.

"அத்தான், கப்பல் ஏதும் கிட்ட வந்தாக் கையக் கொஞ்சம் மறைச்சுக்கொள்ளுங்க. ஒட்டிக்கொண்டு வந்திடும்."

"உன்ட வாயில ஒட்டுற மாதிரி ஒரு காந்தம் இருந்தா நெய்னாரிட்டச் சொல்லி எடுப்பன் மச்சான்."

ஒரு கிழமை கழிந்தது. கை அப்படியேதான் இருந்தது. ஆனால் மணியம் வளையத்தைத் தடவிக் கொடுத்து, "மெல்ல மெல்லச் செய்யட்டும், பாவம், புதுசுதானே" என்றார்.

அதற்குள் ஆடி மாதம் அம்மன் கோயிலில் கொடி ஏறியது. மணியம் அந்த வருடம் தீ மிதிக்க நேர்ந்திருந்தார், கைக்காகத்தான். பூசாரி வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல் காப்புக் கட்ட வந்தபோது அங்கே ஏற்கெனவே வளையம் இருந்தது. கழற்றினால் இருபத்தொரு நாள் கெட்டுவிடும். ராசம்மா, "அம்மனுக்குப் பக்கத்தில எலிமருந்துப் பெட்டிக்குள்ள கிடந்த சாமானா?" என்று முறைத்தாள். பூசாரி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பின்னால் வரிசையும் நீளமாக இருந்ததால், வளையத்தின் மேலேயே நூலைச் சுற்றி மஞ்சளை அப்பி விட்டார்.

காப்புக் கட்டினால் மணியம் வலைக்குப் போவதில்லை. கோயில், குளிப்பு, மரக்கறிச் சோறு, விரதப் பாய், இவ்வளவுதான். பத்தாம் நாள் அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார், கோப்பை ஆடவில்லை. பதினாலாம் நாள் சேர்ட்டின் ஐந்து பொத்தானையும் தானே போட்டுக்கொண்டு வந்து ராசம்மாவின் முன்னால் நின்றார். அவள் கண் கலங்கியதை வெங்காயத்தின் தலையில் போட்டாள். தீயும் மிதித்தார். தீக்குழியின் மறு பக்கம் இறங்கி, கனலுகிற கரிக்கும் அவர் நன்றி சொன்னதைப் பக்கத்தில் நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

யாருக்கு நன்றி சொல்வது என்பதில் மட்டும் வீட்டுக்குள் சண்டை. அம்மன்தான் என்றாள் ராசம்மா. இரண்டு கிழமை கயிறு பிடிக்கவில்லையே, கை ஆறாமல் என்ன செய்யும் என்றாள் சுஜாந்தி. வாடியில் பாதிப்பேர் வளையம் என்றார்கள். தோணிக்காரன் தினுஷன் தனக்குக் கழுத்து நோவென்று, நெய்னார் எப்போது வருவார் என்று விசாரிக்கத் தொடங்கினான். மணியம் அம்மனுக்கும் ஓய்வுக்கும் வளையத்துக்கும் நன்றி சொல்லிச் சமாளித்தார்.

கடற்கரையில் காப்பு அவிழ்க்கும் நாள் வந்தது. நூலும் மஞ்சளும் வியர்வையும் பதினெட்டு நாளில் ஒரே கட்டியாகி வளையத்தோடு ஒட்டிப்போயிருந்தன. பூசாரி இழுத்த இழுப்பில் வளையத்தின் கொக்கியும் விட்டு, எல்லாம் சேர்ந்து கையோடு வந்தது; கடலில் விடும்படி அதை மணியத்தின் கையில் வைத்தார். மணியம் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அம்மனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கி, கையில் இருந்த கட்டியைத் தூரமாக வீசினார். கண்ணைத் திறந்து மணிக்கட்டைப் பார்த்தபோது அங்கே வெள்ளையாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

கட்டுக்கதையாக இருந்தால் வளையம் அடுத்த வலையில் ஒரு பாரை மீனின் வயிற்றில் வந்திருக்கும். வரவில்லை. வந்தது சாளையும் சொறிமீனும்தான்.

மணியம் திரும்பத் தெற்குக் கயிற்றில் நின்றார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் முழங்கையில் ஒரு எறும்பு கடித்தது போல. ஐந்தாம் நாள் பழைய வலி தன் வீட்டுக்குத் திரும்பி வந்த ஆள் மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் யாருக்கும் சொல்லவில்லை. சம்மாட்டி பார்க்கும்போது பாட்டை உரக்கச் சொன்னார். மீன் தெரியும் இடத்தைப் பார்க்காமல் சுற்றிப் போனார்.

ஆனால் வடக்குக் கயிற்றிலிருந்து கேதீஸ்வரன் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தான் வியர்வையை இடது கையால் துடைக்கிறார். அத்தான் கோப்பையை இடது கையால் எடுக்கிறார். மூடி ஒட்டுவதற்கு வளையமும் இல்லை, பகிடிக்குத் திருப்பிப் பகிடியும் இல்லை. ஒரு நாள் இழுவை முடிந்ததும் அவன் நேரே வந்து, "அத்தான், கயிறு மாறுவமா? நீங்க வடக்க வாங்க, நான் இங்கால நிக்கிறன்" என்றான்.

"ஏன், எனக்கு என்ன? மெத்தப் பெரிய உபகாரம். நீ உன்ட இடத்தில நில்."

உலகத்துக்கெல்லாம் நன்றி சொல்லும் மனிசனுக்குக் கயிற்றில் மட்டும் ஒருவர் கை கொடுத்தால் பிடிக்காது. அப்படித்தான் மனிசர் இருக்கிறார்கள்.

அடுத்த கிழமை கேதீஸ்வரன் ஒரு கடதாசிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். உள்ளே கறுப்பாக ஒரு வளையம், முந்தினதைவிடப் பாரம்.

"நெய்னார் அனுப்பினது. புத்தளம் போன இடத்தில கண்டன். உங்கட வளையம் கடலுக்குப் போன கதையச் சொல்ல மனிசன் அழாத குறை. இது புது மொடல். ஆனா இதுக்குக் கொஞ்சம் சட்டம் இருக்கு அத்தான்."

"என்ன சட்டம்?"

"இது இடது கைக்கு. பாரமும் இடது கையாலதான் இழுக்கவேணும், அப்பத்தான் காந்தம் ஏறும். வலது கையால இழுத்தாக் காந்தம் பின்னுக்கு ஓடி எல்லாம் வீண்."

"அப்ப தெற்குக் கயித்தில நிக்க ஏலாதே."

"அதுதானே எனக்கும் கவலை" என்றான் கேதீஸ்வரன், முகத்தை அவ்வளவு சோகமாக வைத்துக்கொண்டு. "என்ன செய்யிற? மொடல் அப்படி. இன்னொண்டு, செவ்வாய்க்கிழமை முழுக்க இதக் கழட்டி வெயில்ல வைக்கவேணுமாம். அண்டைக்குக் கயித்தில கை வைக்கப்படாது."

ராசம்மா தேத்தண்ணி வைத்துவிட்டு அவசரமாக உள்ளே போனாள். சுஜாந்தி ஜன்னலுக்கு வெளியே எதையோ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் சொன்னபோது கேட்காதவர், மகள் சொன்னபோது கேட்காதவர், வளையம் சொன்னபோது கேட்டார். அடுத்த நாள் சம்மாட்டியிடம் போய், "என்னால இல்ல, மொடல் அப்படி" என்று விளங்கப்படுத்தி, வடக்குக் கயிற்றில் மூன்றாவது இடத்தில் நின்றார். அவர் இடத்தில் கேதீஸ்வரன். முதல் இரண்டு நாள் இருவருமே கால் மாறி வைத்து எல்லோரையும் தடுக்கவைத்தார்கள். பிறகு பழகிவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் வளையம் வேலியில் காய்ந்தது, மணியம் நிழலில் காய்ந்தார். ஒரு மாதத்தில் வலது கையால் பிலாக்காய் வெட்டினார். இரண்டாம் மாதம் சம்மாட்டி அவர் தோளில் தட்டி, "மீன் தெரியிற இடத்துக்கு வேற ஆள் பாக்கிறன்" என்றார். அன்று சம்மாட்டிக்கு எட்டு நன்றி விழுந்தது.

புரட்டாசிக் கடைசியில் நெய்னார் வந்தார். மணியம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெய்னார், நீ அனுப்பின வளையம் என்னக் காப்பாத்திப் போட்டுது. உனக்குப் பெரிய புண்ணியம்."

"நான் அனுப்பினதா? நான் எங்க அண்ணே அனுப்பின? எனக்கு உங்கட வளையம் துலைஞ்சதே தெரியாதே." நெய்னார் வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது நம்மட சாமான் இல்ல. இந்த மாதிரிக் கொக்கி நான் கண்டதே இல்ல."

கீழே சோடா மூடி ஒன்று கிடந்தது. மணியம் அதை எடுத்து வளையத்தில் வைத்தார். மூடி மணலில் விழுந்தது. இன்னொரு முறை வைத்தார். மறுபடியும் விழுந்தது. அப்போதுதான் அவர் கவனித்தார்: உப்புத் தண்ணீரும் வியர்வையும் பட்டுக் கறுப்பு இரண்டு இடத்தில் உரிந்து, உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணி செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. அந்த முறுக்கு அவர் முறுக்கியது. கட்டாரில், தங்கியிருந்த அறையில், மச்சானுக்குக் கொண்டுபோகும் கடிகாரத்தின் உலோக வார் அறுந்துவிட்டதே என்று மேல்கட்டிலில் இருந்து முறுக்கியது.

"என்ன அண்ணே, மனசுக்குச் சரியில்லையா? நான் வேற ஒண்டு தாறன். உண்மையச் சொல்லப்போனா இது ஆளுக்கு ஆள் வித்தியாசம். நாலு பேர் சுகம் எண்டுவாங்க, ரெண்டு பேர் திருப்பித் தாறாங்க. எனக்கும் ஒண்டும் விளங்குதில்ல." நெய்னாரின் கைகளில் இப்போது வளையம் இல்லை. முழங்காலில் துணிப்பட்டி போட்டிருந்தார்.

"வேணாம் நெய்னார். எனக்கு இதுவே காணும்."

வீட்டுக்கு வந்தார். ராசம்மா முகத்தைப் பார்த்தவுடனேயே அடுப்பை ஊதத் தொடங்கினாள், அது காஸ் அடுப்பு என்பதையும் மறந்து.

"உனக்கும் தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்? நான் தேத்தண்ணி மட்டும்தான் ஊத்தினன்."

"கறுப்பு?"

"நெயில் பொலிஷ் யாருட எண்டு நினைச்சீங்க? சுஜாந்தி மூண்டு போத்தல் முடிச்சாள். சட்டமெல்லாம் டொக்டர் சொன்னதுதான். அவள் சொல்லக் கேதீஸ் எழுதிப் பாடமாக்கினவன். நீங்க கேக்கிற ஆளா இருந்தா இந்த வேலையெல்லாம் எதுக்கு?"

மணியம் வாயைத் திறந்தார். நன்றி என்று ஒரு சொல் இருக்கிறதே, தோணிக்கும் கரிக்கும் கொண்டக்டருக்கும் அள்ளி இறைத்த சொல், அது அன்றைக்குப் பார்த்து வரவில்லை.  அவர் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து, மகளின் சாமான்களுக்குள் நாலாவது போத்தல் இருக்கிறதா என்று தேடினார். இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, நாக்கை ஒரு பக்கம் கடித்துக்கொண்டு, உரிந்த இடங்களுக்குக் கறுப்புப் பூசினார். செப்புக் கம்பிக்குக் கொஞ்சம் தடிப்பாகப் பூசினார். கேதீஸ்வரன் பார்த்தாலும் தெரியக்கூடாது.

அடுத்த நாள் காலை இழுவை. மணியம் கயிற்றைப் பிடிக்கு முன் தெற்குப் பக்கம் பார்த்தார். இரண்டு மாதமாக அவர் பார்க்காத ஒன்றை அன்று பார்த்தார்: கேதீஸ்வரன் மற்றவர்களுக்குத் தெரியாமல் வலது முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மணியம் மணலில் நடந்து அங்கே போனார்.

"மச்சான், நேத்து நெய்னார் வந்தவர்."

கேதீஸ்வரனின் கை முழங்கையிலேயே நின்றது. "வந்தவரா? என்ன சொன்னவர்?"

"இந்த மொடலுக்கு இன்னொரு சட்டம் இருக்காம். உன்னிட்டச் சொல்ல மறந்து போனாராம்."

"ஓ."

"மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு பேரும் கயிறு மாறவேணுமாம். ஒரு மாசம் நீ இங்க, ஒரு மாசம் நான். ரெண்டு பேரும் செவ்வாய்க்கிழமை கயித்தில கை வைக்கப்படாதாம். மாறாட்டி வளையம் பழுதாப் போயிடுமாம்."

கேதீஸ்வரன் அவரைப் பார்த்தான். வளையத்தைப் பார்த்தான். புதுக் கறுப்பின் மணம் இன்னும் போயிருக்கவில்லை. நெய்னார் அப்படிச் சொல்லியிருக்க முடியாது என்று, மணியத்தை விட்டால், இந்தக் கரையில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அதைச் சொல்ல வாயில்லாத ஒரே ஆளும் அவன்தான். 

"மொடல் அப்படியெண்டா என்ன செய்யிற அத்தான்" என்றான்.

"அதுதானே" என்றார் மணியம்.

தினுஷன் தோணிப் பக்கமிருந்து கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தான். "மணியண்ணை, நெய்னார் வந்தவராமே. எனக்கும் அதே மாதிரி ஒண்டு எடுத்துத் தாங்களன்."

"அது கடையில இல்லத் தம்பி. கலியாணம் முடிக்கேக்க நல்ல மச்சானாப் பாத்து முடி, சும்மா கிடைக்கும்."

வடக்கில் பாட்டுத் தொடங்கிவிட்டது. கேதீஸ்வரன் முழங்கையை உதறிக்கொண்டு வடக்குக்கு நடந்தான். மணியம் தன் பழைய இடத்தில், தண்ணீர்ப் பக்கமிருந்து இரண்டாவது ஆளாக நின்று கயிற்றைப் பிடித்தார்.

"அத்தான், சப்பாத்துக்குள்ள நண்டு கிடக்கா எண்டு பாத்திட்டுப் போடுங்க" என்று அங்கிருந்து கேதீஸ்வரன் கத்தினான். மணியம் வெறுங்காலோடுதான் நின்றார். ஆனாலும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.